ஈயச் சுவர்

கும் தெரின் மருத்துவமனையில்
இருபத்தாறு வருஷம் எக்ஸ்ரே எடுத்தேன்.
அதற்கு மூன்று சொல் போதும்:
மூச்சை இழுங்கள். பிடியுங்கள். விடுங்கள்.
முதலாவதைத்தான் அவ்வூர் ஆண்களால்
முழுதாகச் செய்ய முடிந்ததில்லை.

மூடிய பிறகு
கணக்கேடுகளைப் பெட்டியில் கட்டும் வேலை
என் தலையில் விழுந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, முதல் பக்கம்:
சம்பளத்தில் பவுனுக்கு ஒரு பென்னி.
அறுநூற்றுப் பதினொரு பேர்.
எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்த இடங்களில்
எது மை எது கரி என்று பிரிக்க முடியவில்லை.

முதலாளி தந்தது நிலம் மட்டும்.
அதுவும் அடியில் இருந்ததையெல்லாம்
எடுத்து முடித்த நிலம்.
வடக்குச் சுவர் விரிசல் அங்கிருந்து வந்ததுதான்.

வாசற்கதவின் அகலத்துக்காக
மூன்று கூட்டம் சண்டை போட்டிருக்கிறார்கள்.
நாலடி போதும் என்றார் கட்டடம் வரைந்தவர்.
ஹவெல் பிரைஸ் என்ற சுரங்கத் தச்சன் எழுந்து,
"ஸ்ட்ரெச்சரோடு நாங்கள் வருவோம்,
பக்கத்தில் ஒருத்தி
அவன் சட்டையைப் பிடித்தபடியே வருவாள்.
அவளையும் சேர்த்து அளங்கள்" என்றானாம்.
குறிப்பேட்டில் அடுத்த வரி:
ஆறடி. ஒருமனதாக.

இருபத்தாறில் சுரங்கத்தை அடைத்த ஏழு மாதம்
பென்னி நின்றது.
வரவுப் பக்கத்தில் காசே இல்லை.
உருளைக்கிழங்கு, இரண்டு வாளி.
தைத்துக் கொடுத்த படுக்கை விரிப்பு, பதினேழு.
கோழி ஒன்று, உயிருடன்.
அந்தக் கோழி செலவுப் பக்கத்துக்கு வரவேயில்லை.
மேட்ரன் பெயர் வைத்துவிட்டாள் போல.

நாற்பத்தெட்டில் அரசாங்கம் எடுத்துக்கொண்ட நாள்
பொருளாளர் இரட்டைக் கோடு இழுத்து
கீழே எழுதியிருக்கிறார்:
கையிருப்பு பன்னிரண்டு ஷில்லிங்.
அதையும் கொடுத்துவிட்டோம்.

நான் எண்பத்திரண்டில்
சாவகச்சேரியிலிருந்து வந்தவள்.
அங்கே ரொட்டி சுடுகிறவரை ரொட்டி என்பார்கள்,
தபால்காரர் தபால்.
என் பெயர் வாயில் நுழையாததால் மட்டுமல்ல,
மரியாதையாகவும்தான்
நான் மிஸஸ் எக்ஸ்ரே ஆனேன்.

எம்லின் ப்ரோபர்ட் தன் படத்தைக் காட்டச் சொன்னார்.
விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.
நிலக்கரித் தூசு படத்தில் வெள்ளையாக விழும்,
இரண்டு பக்கமும் பனி பெய்த மாதிரி.
வெகுநேரம் பார்த்தார்.
"இது கம்பெனி சொத்து,
முப்பத்தொரு வருஷம்
கொஞ்சம் கொஞ்சமாகத் திருடினேன்.
சொல்லிவிடாதே" என்று சிரித்தார்.
சிரிப்பு இருமலாகி
நாற்காலி தேட வேண்டியிருந்தது.

அவர் இறந்ததும் நுரையீரலைக் கேட்டார்கள்,
நஷ்ட ஈட்டுக் குழுவுக்கு.
தெக்வென் கையெழுத்துப் போட்டாள்.
"பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்களா?"
கேட்டது என்னிடம்.
நான் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மாதம் கழித்துக் கடிதம்:
கரி ஒரு காரணம். முதற்காரணம் அல்ல.

எங்கள் பழைய தமிழில்
கரி என்றால் சாட்சி என்றும் அர்த்தம்,
தட்டுத்தடுமாறி அவளுக்கு விளக்கினேன்.
ஆறுதலாக இருக்கும் என்று ஏன் நினைத்தேனோ.
"சாட்சியைத்தான் கார்டிஃபில்
ஜாடிக்குள் போட்டுவிட்டார்களே" என்றாள்
கெட்டிலை அடுப்பில் வைத்தபடி.

இப்போது அங்கே அடுக்குமனைகள்.
ஆறடி வாசலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள்.
என் அறை யாரோ ஒருவனின் படுக்கையறை.
பஸ் நிறுத்தத்தில் அவனே வந்து பேசினான்.
கட்டிலில் படுத்தால்
போனுக்கு சிக்னல் வருவதே இல்லையாம்,
மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்துவிட்டானாம்.

சுவருக்குள் ஈயத் தகடு இருக்கிறது.
முப்பத்தொன்றில் வாங்கியது, நாற்பத்திரண்டு பவுன்,
எந்தெந்த வாரம் எத்தனை பென்னி என்றுகூட
ஏட்டில் உண்டு.

சொல்வதற்காக மூச்சை இழுத்தேன்.
பஸ் வந்துவிட்டது.